மகனீசியக் குறைபாடும் தென்னையின் ஒளித்தொகுப்பும்

ஒளித்தொகுப்பின் மூலப்பொருள்கள் காபனீரொட்சைட்டும் நீருமே. கனியுப்புகளையும் இவற்றுடன் சேர்த்து எழுதுவது பரீட்சையில் மாணவர் விடும் தவறாகும். அவ்வாறாயின், மண்ணில் போசணை குறைந்தால் ஒளித்தொகுப்பு ஏன் குறைகிறது?

கொக்கிளாய் போன்ற கரையோர மணற்பாங்கான இடத்தில் நிற்கும் தென்னையை எடுத்துக்கொள்வோம். மணலில் களியும் சேதனப் பொருளும் குறைவு. எனவே மகனீசியம், பொற்றாசியம் போன்ற நேரேற்ற அயன்கள் அதில் தங்கி நிற்பதில்லை. வடகீழ்ப் பருவமழை அவற்றைக் கழுவிச் செல்கிறது.

பச்சைய மூலக்கூறின் மையத்தில் இருப்பது மகனீசியம். அது போதாவிடின் மரம் முதிர்ந்த ஓலைகளிலுள்ள மகனீசியத்தை இளம் ஓலைகளுக்குக் கடத்தும். ஆதலால் அடி ஓலைகளே முதலில் மஞ்சளாகும். அவற்றிலும் வெயில்படும் பகுதி கூடுதலாக மஞ்சளாகும். ஈர்க்கை ஒட்டிய பகுதி பச்சையாகவே நிற்கும். இரும்புக் குறைபாட்டிலோ இளம் ஓலைகளே முதலில் வெளிறும். (இவ்விரண்டையும் மாற்றி எழுதிப் புள்ளியை இழக்க வேண்டாம்.) பச்சையம் குறைய, உறிஞ்சப்படும் ஒளி குறையும், குளுக்கோசு குறையும், காயும் குறையும்.

டொலமைற் இட்டு இதனைச் சீராக்கலாம். ஆனால் அது மெதுவாகவே கரையும். பொற்றாசியப் பசளையை மட்டும் அளவுக்கு மீறி இட்டால் குறைபாடு கூடும். ஏனெனில், மிகையான பொற்றாசியம் வேர் மகனீசியத்தை உள்ளெடுப்பதைத் தடைசெய்யும்.

வினா: அடி ஓலைகள் மஞ்சளான இத்தகைய தென்னைக்கு ஒருவர் நீர் மட்டும் ஊற்றி வந்தார். ஓலைகள் பச்சையாகவில்லை. காரணம் தருக.