இலவச முன்காட்சியும் காண்போர் கடமையும்

புலவனொருவன் தான் இயற்றிய நூலை உலகிற்கு வழங்குமுன், கற்றோர் அவையில் அரங்கேற்றிக் குறைநிறை கேட்டல் நம் நாட்டுப் பழைய மரபென்பதைத் தமிழ் பயில்வோர் யாவரும் அறிவர். அதனை ஒருவாறு ஒத்த வழக்கமொன்று அமெரிக்க நாட்டுச் சினிமாத் தொழிலிலும் உண்டு. படம் வெளியாகுமுன் சிலருக்குக் கட்டணமின்றிக் காட்டப்பெறுகின்றது. அவ்வவையிலிருப்போர் புலவரல்லர்; இலவசச் சீட்டுப் பெற்று வந்த பொதுமக்களே. அச்சீட்டைப் பெறுமாற்றையும், பெற்றார்க்குரிய கடமையையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

இம்முன்காட்சி இருவகைப்படும். ஒன்று விளம்பரங் கருதியது. மற்றொன்று சோதனை கருதியது.

முன்னையதில் படம் முற்றுப்பெற்றிருக்கும். வெளியீட்டிற்குச் சில நாட்களின் முன்னர்ப் பத்திரிகைகளும் வானொலி நிலையங்களும் இணையதளங்களும் போட்டி வாயிலாகவும் பிறவாறும் சீட்டுக்களை வழங்கும். கண்டோர் பலரிடம் புகழ்ந்துரைப்பர் என்பதே படக்கம்பெனியார் எதிர்பார்க்கும் ஊதியம். இலவசமாய்ப் பெற்றோருட் பலர் வாராதொழிவராதலின், அரங்கம் நிறைதற்பொருட்டு இருக்கைகளினும் மிகுதியான சீட்டுக்கள் வேண்டுமென்றே வழங்கப்பெறும். எனவே, சீட்டுடைமை இருக்கையுடைமை ஆகாது. முன் வந்தார்க்கே இடம். இவ்வுண்மை சீட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதனைக் கருதாது காட்சி தொடங்கும் வேளையிற் சென்று, வாயிலினின்று திரும்புவோர் பிறரை நோதற்கு இடமில்லை.

பின்னையதில் படம் பெரும்பாலும் முற்றுப்பெறாத நிலையிற் காட்டப்படும். வணிக வளாகங்களிலும் படக்கொட்டகை வாயில்களிலும் ஆட்கள் நின்று, வயது முதலியன நோக்கி மக்களை அழைப்பர். சினிமாத் தொழிலிலும் பத்திரிகைத் தொழிலிலும் உள்ளாரைப் பொதுவாக விலக்குவர். கண்டதைப் புறத்தே கூறேன் என வந்தோர் ஒப்பமிடல் வேண்டும். காட்சி முடிந்ததும் ஒரு வினாத்தாள் தரப்படும். பிடித்த காட்சி யாது, சலிப்புத் தந்தது யாது, நண்பர்க்குப் பரிந்துரைப்பீரா என்பன போன்ற வினாக்கள் அதில் இருக்கும். சீட்டின் உண்மையான விலை இதுவே என்க.

அவ்விடைகளின் வன்மையை இரண்டு நிகழ்ச்சிகளால் அறியலாம். 1950-இல் வெளிவந்த 'சன்செட் புலவார்ட்' என்னும் படம், முதலிற் பிணவறையிற் பிணங்கள் தம்முள் உரையாடும் காட்சியோடு தொடங்கியது. எவன்ஸ்டன் நகர முன்காட்சியில் மக்கள் அதற்குச் சிரித்துவிட்டனர். இயக்குநர் பில்லி வைல்டர் அப்பகுதியை நீக்கினார். படம் பெரும்புகழ் பெற்றது.

மற்றொன்று துயரமானது. ஆர்சன் வெல்ஸ் இயக்கிய 'தி மாக்னிபிசன்ட் ஆம்பர்சன்ஸ்' என்னும் படம், 1942-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் கலிபோர்னியாவிலுள்ள பொமோனா நகரிற் காட்டப்பட்டது. ஒரு குடும்பத்தின் வீழ்ச்சியைக் கூறும் அச்சோகக் கதையை, களிப்பு மிக்க இசைப்படமொன்றைப் பார்க்க வந்திருந்தோர் கண்டனர். பலர் நகைத்தனர். இரண்டு நாட் கழித்துப் பாசடீனா நகரில் வரவேற்பு மேலாயிருந்தும் கம்பெனியார் அச்சம் தீர்ந்திலது. இயக்குநர் பிரேசிலில் இருந்த காலத்தே, 40 நிமிஷங்களுக்கு மேற்பட்ட பகுதி வெட்டப்பட்டது. முடிவும் வேறாக எடுக்கப்பட்டது. 88 நிமிஷப் படமே உலகிற்குக் கிடைத்தது. வெட்டுண்ட பகுதிகள் பின்னர் அழிக்கப்பட்டன.

முன்னதில் ஆக்கியோனே கேட்டுத் திருத்தினான். பின்னதில் ஆக்கியோன் இல்லாவழிப் பிறர் வெட்டினர். தன் விடை எவர் கைக்குச் செல்லுமென்பதைக் காண்போன் அறியான். அறியானாதலின் அவன் பொறுப்பு மிகுகின்றது. வேறொரு படத்தை நாடிய மனத்தோடு இப்படத்தை அளத்தல் கூடாது. முடிவுவரை இருந்து காண்டல் வேண்டும். 'நன்றன்று' என்று எழுதுதல் எளிது. எக்காட்சி, எதனால் நன்றன்று என்று எழுதுதலே பயனுடைத்து.

யாம் இதனைப் படக்கொட்டகைக்கு மட்டும் கூறினோமல்லோம். நம் விடுதியறையில் நண்பனொருவன் தன் கன்னிக் கவிதையைப் படித்துக் காட்டுங்கால், நாமும் கட்டணமின்றி அழைக்கப்பட்ட அவையினரே. ஆண்டு நாம் சிரிக்குமுன் ஒருகணம் சிந்திப்போமாக.