பாடத்தில் நம்மைப் பற்றி வரும்போது



பல்கலைக்கழகத்தில் நான் படித்த காலத்தில் 'ஹுபுங்ஙான் எத்னிக்' என்ற இன உறவுப் பாடம் கட்டாயம். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் மலாய் நண்பன் ஒருவன், "தைப்பூசத்துல ஏன் காவடி எடுக்கிறீங்க?" என்று கேட்டான். "எங்க தாத்தா காலத்துல இருந்து எடுக்கிறோம்" என்றேன். "சரி, ஏன்?" என்றான். தண்ணீர்மலை ஏறி வளர்ந்த பிள்ளை நான். பதில் தெரியாமல் நின்றேன்.

இப்படிப்பட்ட பாடங்கள் மாணவர்கள் போராடியும் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில் 1968இல் கறுப்பின, ஆசிய, லத்தீன் மாணவர்கள், தங்கள் வரலாறும் பாடமாக வேண்டும் என்று நான்கு மாதத்துக்கு மேல் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். 1969இல் இன ஆய்வுக்கென்றே அங்கு ஒரு பிரிவு உருவானது.

நம் நாட்டில் 2006இல் புத்ரா பல்கலைக்கழகத்தின் இன உறவு வழிகாட்டி நூல் கண்டனத்துக்கு உள்ளாகி மீட்டுக்கொள்ளப்பட்டது. பிறகு பேராசிரியர் ஷம்சுல் அம்ரி பஹாருடின் தலைமையில் புதிய நூல் எழுதப்பட்டது. 2016இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நாகரிகப் பாட ஸ்லைடுகள் இந்துக்களைத் தூய்மையற்றவர்களாகக் காட்டின. எதிர்ப்பு கிளம்பியதும் பல்கலைக்கழகம் தவறை ஒப்புக்கொண்டது.

தவறு எழுதியவர்களுடையதுதான். ஆனால் அந்த ஸ்லைடு திரையில் ஓடும்போது, "சார், இது சரியில்ல" என்று காரணத்தோடு சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு முடியும்? கோபம் மட்டும் போதாது, விஷயமும் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். அகத்தியர் சொல்படி இடும்பன் இரண்டு குன்றுகளைக் காவடியாகக் கட்டிச் சுமந்து வந்தான். பழனியில் இறக்கி வைத்தவனால் மறுபடி தூக்க முடியவில்லை. அங்கே முருகனை எதிர்த்து நின்று, ஆணவம் அழிந்து, அவன் அடியவன் ஆனான். நாம் எடுக்கும் காவடியும் அப்படித்தான்: நேர்த்திக்கடனும் ஆணவத்தை இறக்கி வைப்பதும்.

இன்னொன்றும் யோசியுங்கள். அந்த நண்பனின் நோன்பைப் பற்றி நான் ஒருநாளாவது கேட்டேனா? இல்லை.

இந்த வாரப் பயிற்சி:

1. லெபோ குவீன் மகாமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் வரை நடந்து போங்கள். வழியில் சீனர்களின் கருணைத் தேவி கோயிலையும் பாருங்கள்.

2. நாம் செய்யும் ஒரு சடங்கின் காரணத்தை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, மலாய் மொழியில் ஐந்து வரி எழுதுங்கள்.

3. வேற்று மத நண்பர் ஒருவரிடம் அவருடைய வழிபாட்டைப் பற்றிக் கேளுங்கள்.

அடுத்த வகுப்பில் பேசுவோம்.