பால்குடிக் குட்டிகளைக் காப்போம்

கொல்லிமலையில் குண்டனி நாடு போன்ற ஊர்களில் இரண்டு மூன்று ஆடுகளே பல வீடுகளின் சேமிப்பு. பள்ளிச் செலவோ மருத்துவச் செலவோ வந்தால் கைகொடுப்பது ஒரு கிடாதான். பால்குடிக் குட்டி செத்தால் அந்தச் சேமிப்பே கரைகிறது. இந்தச் சாவுகளில் பலவற்றை முதல் நாள் கவனிப்பாலேயே தடுக்கலாம்.

மனிதக் குழந்தைக்குக் கருவிலேயே ஓரளவு நோய் எதிர்ப்பு கிடைத்துவிடுகிறது. ஆட்டுக்குட்டிக்கு அப்படி இல்லை. சீம்பால் வழியாகத்தான் அது வர வேண்டும். அதை ஏற்கும் ஆற்றலும் குட்டியின் குடலுக்கு ஏறத்தாழ ஒரு நாளே இருக்கும். எனவே நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திராமல், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டவிட வேண்டும். இரண்டு கிலோ குட்டிக்கு முதல் நாளில் சுமார் 200 மில்லி சீம்பால் தேவை. பல தடவையாகக் கொடுக்கலாம்.

அடுத்தது தொப்புள். ஈரக்கொடி வழியே கிருமி ஏறினால் தொப்புள் வீங்கும், மூட்டும் வீங்கும். பிறந்தவுடன் கொடியில் டிங்க்சர் அயோடின் தடவுவோம். மலையின் குளிரிலும் ஈரத்திலும் தரை நனைந்தே கிடந்தால் கழிச்சலும் சளியும் வரும். குட்டிகளைப் பரண்மேல் அல்லது உலர்ந்த சருகின்மேல் கட்டுவோம்.

மூன்றாவது, தாயின் மடி. மடி சூடாகி வீங்கினாலோ, பால் திரிதிரியாக அல்லது இரத்தம் கலந்து வந்தாலோ அது மடிநோய். வலியால் தாய் குட்டியை உதைத்துத் தள்ளும். குட்டி பட்டினி கிடக்கும். அந்தப் பாலைக் குட்டிக்குக் கொடுக்காமல், அண்மையில் ஈன்ற வேறு ஆட்டின் பாலைக் கொடுப்போம். மடி குளிர்ந்து கறுத்தால் தாயின் உயிருக்கே ஆபத்து, தாமதம் கூடாது.

நன்றாகக் கொழுத்த குட்டி திடீரென்று துள்ளி விழுந்து செத்தால் துள்ளுமாரி என்று சந்தேகிக்கலாம். சினை ஆட்டுக்கு, ஈனுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பு தடுப்பூசி போட்டால் அந்தப் பாதுகாப்பு சீம்பால் வழியே குட்டிக்கும் சேரும்.

கடையில் ஊசி மருந்து வாங்கி நாமே போடுவது வேண்டாம். மருந்தும் அளவும் மருத்துவர் சொல்ல வேண்டியவை. மருந்து போட்ட ஆட்டின் பாலை அவர் சொல்லும் நாள் வரை வீட்டுக்கு எடுக்கக் கூடாது. கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து உதவி வந்து சேர நேரமாகும். ஆகவே, முதல் அறிகுறியிலேயே அழைப்போம்.