வெளிற்றும் தூளும் கிணற்று மீனும்

தலைமன்னார் முதலான மன்னார்த் தீவுக் கிராமங்கள் மணற்பாங்கானவை. ஆழங் குறைந்த கிணறுகளே அங்கு வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நீர் தருவன. மலேரியாவைப் பரப்பவல்ல அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் நுளம்பு, 2016 டிசம்பரில் இலங்கையில் முதன்முறையாக இத்தீவின் கிணறுகளிலேயே கண்டறியப்பட்டது. அதன் குடம்பிகளை உண்பதற்காகக் கப்பி மீன்கள் கிணறுகளில் விடப்படுகின்றன. வெள்ளத்தின் பின் கிருமிகளை ஒழிக்க அதே கிணற்றில் வெளிற்றும் தூள் (பிளீச்சிங் பவுடர்) இடுவதும் உண்டு. அதன் தன்மை அறியாது இட்டால் மீன் மடியும், நுளம்பு பெருகும்.

தூளின் தன்மை

புதிய தூளின் நிறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளோரீனாகப் பயன்படும். வெப்பமும் ஈரமும் பட்ட தூளில் அது குறைந்துவிடும். நீரில் கரைந்த பின்னரும் வெயில், சேறு, அழுகிய இலைகள் ஆகியன அதனைக் குறைக்கும். ஆகவே, இட்ட நிறையைக் கொண்டு மட்டும் நீரின் நச்சுத்தன்மையை மதிப்பிடலாகாது. சாணமும் சிறுநீரும் கலந்த நீரில் குளோரீன் குளோரமைனாக மாறும். அது கூடிய நேரம் நிலைத்து நின்று மீனுக்குத் தீங்கு செய்யும்.

அளவு

கிருமி நீக்கத்துக்கு, 30 நிமிடங்களின் பின்னும் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் குளோரீன் எஞ்சியிருத்தல் வேண்டும். நன்னீர் உயிர்களுக்கென ஐக்கிய அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஒரு மணி நேர எல்லையோ 0.019 மில்லிகிராமே. மனிதருக்குக் காவலாகும் அளவு இவ்வெல்லையிலும் 25 மடங்குக்கு மேற்பட்டது.

சோதிக்கும் முறை

ஆய்வுகூடத்தில் மீன்களை 96 மணி நேரம் வைத்துச் சோதிப்பர். இத்தகைய நிலையற்ற பொருளாயின், நீரை இடைவிடாது புதுப்பித்துக் குளோரீனைப் பன்முறை அளத்தல் வேண்டும். இன்றேல், நஞ்சு நீங்கிய நீரில் மீன் பிழைத்திருக்கக் கண்டு, பொருளே தீங்கற்றதென மயங்க நேரும்.

கமக்காரர் செய்யத்தக்கவை

1. தூள் இடுமுன் மீன்களை வலையால் எடுத்து, மருந்து படாத நீருள்ள தொட்டியில் விடுதல் வேண்டும்.

2. இடவேண்டிய அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிதல் வேண்டும்.

3. மீனைத் திரும்ப விடுமுன், ஒரு வாளியில் கிணற்று நீரும் மற்றொன்றில் தொட்டி நீரும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து மீன்களை விட்டு, ஒரு நாள் நிழலில் வைத்தல் வேண்டும். இரு வாளி நீரையும் சில மணிக்கொருமுறை புதிதாக அள்ளி மாற்றுக. முன்னாள் அள்ளிய நீர் சான்றாகாது.

4. கிணற்று நீரில் மட்டும் மீன் மேலெழுந்து வாய் பிளந்தாலோ மடிந்தாலோ, மேலும் சில நாள் பொறுத்து மறுபடி சோதிக்க வேண்டும்.

5. மருந்திட்ட நீரை உடனே வாய்க்காலிலோ வயலிலோ குளத்திலோ இறைத்து விடலாகாது.

தொடர்ந்து குளோரீன் இடவேண்டிய கிணற்றில் மீனை நம்புதல் தகாது. அதன் வாயை நுளம்பு புகாத வலையால் இடைவெளியின்றி மூடுதலே தக்க காவலாகும்.