செயலி டாக்ஸி, குடிபோதை ஓட்டுநர், விபத்து: பண்டிகைக் கால ஆலோசனை

டிசம்பர் கடைசி வாரம் தொடங்கிப் பொங்கல் விடுமுறை முடியும்வரை சென்னைச் சாலைகள் இரவிலும் ஓய்வதில்லை. விமான நிலையமோ கிளாம்பாக்கம் பேருந்து நிலையமோ, கைப்பேசிச் செயலியில் பதிவு செய்தால் வண்டி வாசலுக்கு வந்துவிடுகிறது. அதை ஓட்டி வந்தவர் குடித்திருந்து, வழியில் விபத்தும் நேர்ந்துவிட்டால்? பயணிக்கும் சரி, அந்த வண்டி மோதிய பாதசாரிக்கும் சரி, சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் ஓட்டுநரின் ரத்தத்தில் உள்ள மது மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். எனவே அன்றைய இரவே சில வேலைகளை முடித்தாக வேண்டும்.

முதல் வேலை, 108-ஐ அழைத்துச் சிகிச்சைக்குச் செல்வது. செலவை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. மத்திய அரசின் 2025 திட்டப்படி, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் விபத்து நாளிலிருந்து 7 நாள்வரை ரூ.1.5 லட்சத்துக்குள் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரத்துக்குக் கைகொடுக்கும்.

அடுத்தது, 112-ஐ அழைத்துக் காவல்துறைக்குத் தெரிவிப்பது. ஓட்டுநருக்கு மூச்சுப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் செய்யும்படி காவலர்களிடம் உடனே வற்புறுத்த வேண்டும். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கிராமுக்கு மேல் மது இருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவின்படி குற்றம். ஓட்டுநரும் காயத்தோடு மருத்துவமனைக்கு வந்திருந்தால், அவருடைய ஏ.ஆர். காப்பியில் (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்) ‘மூச்சில் மது வாடை’ என்று டாக்டர் எழுதும் ஒரு வரி, பின்னாளில் நீதிமன்றத்தில் சாட்சியமாக உதவக்கூடும்.

செயலியின் திரையை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதும் அவசியம். ஓட்டுநர் பெயர், வண்டி எண், பயணம் தொடங்கிய நேரம் எல்லாம் அதில் இருக்கும். நம்பர் பிளேட் மஞ்சளா வெள்ளையா என்பதையும் படம் பிடிக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கான வண்டி வாடகைக்கு ஓடியிருந்தால், காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்க அதையே காரணம் காட்டக்கூடும்.

எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வந்ததும், 185-ஆவது பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விட்டுப்போயிருந்தால், அதைச் சேர்க்கும்படி காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கேட்கலாம்.

இழப்பீட்டு மனுவை விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கொடுத்துவிட வேண்டும். சொந்த ஊர் மதுரை என்றால், சென்னையில் நடந்த விபத்துக்கு மதுரையிலேயே மனு போடலாம். யார் தவறு என்று நிரூபிக்காமலே, உயிரிழப்புக்கு ரூ.5 லட்சமும் கொடுங்காயத்துக்கு ரூ.2.5 லட்சமும் பெற 164-ஆவது பிரிவு வழி செய்கிறது. ஆனால் அதை வாங்கிக்கொண்டால், கூடுதல் தொகை கேட்கும் மனு காலாவதியாகிவிடும். வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

“ஓட்டுநர் குடித்திருந்தார், நாங்கள் பொறுப்பல்ல” என்று காப்பீட்டு நிறுவனம் சொல்லக்கூடும். 2019 சட்டத் திருத்தம் இந்த வாதத்துக்கு இடமும் கொடுத்திருக்கிறது. இருந்தாலும் நீதிமன்றங்கள் பாதிக்கப்பட்டவரைக் கைவிடவில்லை. 2017 டிசம்பர் கடைசியில் திருநீர்மலை சாலையில் நடந்து சென்ற ஒருவர் வேன் மோதி இறந்தார். வேன் ஓட்டுநர் குடித்திருந்தார். அந்த வழக்கில், காப்பீட்டு நிறுவனம் முதலில் குடும்பத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காப்பீட்டு நிறுவனமே முதலில் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கையை மனுவிலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும்.

செயலி நிறுவனம், “நாங்கள் வெறும் இணைப்பாளர்” என்று ஒதுங்கப் பார்க்கலாம். அதை எதிர்மனுதாரராகச் சேர்ப்பது பற்றி வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும். பயணியாக இருந்தவர், சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்தை 2 ஆண்டுக்குள் தனியாக அணுகலாம். பயணத்தோடு காப்பீடு இருந்ததா என்பதை ரசீதில் பார்ப்பது நல்லது.

மருத்துவமனை வாசலில் வந்து நிற்கும் புரோக்கர்களிடம் வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்துப் போடக் கூடாது. சட்ட உதவிக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சுருக்கம், மருந்துக் கடை ரசீதுகள், சம்பளச் சான்று, ஸ்கிரீன்ஷாட் பிரதிகள் ஆகியவற்றை ஒரே ஃபைலில் எடுத்துச் செல்ல வேண்டும்.