காரின் பின்னால் குதிரை: லைசென்ஸ் போதுமா?

சங்க நண்பர் ஒருவர் சென்ற மாதம் ஒரு சந்தேகம் கேட்டார். அவருடைய மகள் புணேயில் குதிரையேற்றம் பயில்கிறாள். போட்டிகளுக்கு லாரி பிடித்துக் குதிரையை அனுப்புவதற்குப் பதிலாக, இரண்டு குதிரைகள் நிற்கக்கூடிய டிரெய்லர் ஒன்றைத் தம் ஜீப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு போகலாமா, அதற்குச் சாதாரணக் கார் லைசென்ஸ் போதுமா என்பது கேள்வி. லைசென்ஸ் போதும் என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் மோட்டார் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் பிரிவில் பல ஆண்டுகள் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். அந்த ஒரு வரியோடு அவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். குதிரை இல்லாதவர்களும் படிக்கலாம். மாடு, ஆடு, மூட்டை முடிச்சு எல்லாவற்றுக்கும் இதில் இடம் உண்டு.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 10ஆம் பிரிவு லைசென்ஸ்களை வகை பிரிக்கிறது. கியர் இல்லாத மோட்டார் சைக்கிள், கியர் உள்ளது, இலகுரக வாகனம், போக்குவரத்து வாகனம் என்று அந்தப் பட்டியல் போகும். ‘டிரெய்லர் இழுக்கும் கார்’ என்று அதில் தனி வகை கிடையாது. கார், எல்.எம்.வி. எனப்படும் இலகுரக வாகனத்தில் அடங்கும். சரி, காருக்குப் பின்னால் ஒன்றை மாட்டினால் அது காராகவே இருக்கிறதா, வேறு ஏதாவது ஆகிவிடுகிறதா? வம்பு இங்கேதான் ஆரம்பம்.

சட்டத்தின் 2ஆம் பிரிவில் ‘சரக்கு’ என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. உயிருள்ள மனிதர்களைத் தவிர வாகனம் சுமந்து செல்லும் எதுவும் சரக்கு. கால்நடையும் சரக்கு என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். அதே வாக்கியத்தில் ஒரு விலக்கும் உண்டு. காரிலோ, காரோடு இணைத்த டிரெய்லரிலோ கொண்டுபோகும் சொந்தப் பெட்டி படுக்கை சரக்கு ஆகாது. ஆகவே டிரெய்லரில் கூடாரத்தையும் சமையல் பாத்திரத்தையும் ஏற்றிக்கொண்டு மகாபலேஷ்வர் போனால் நீங்கள் சரக்கு ஏற்றவில்லை. அதே டிரெய்லரில் மகளின் குதிரையை ஏற்றினால் ஏற்றியிருக்கிறீர்கள். குதிரையைப் பிள்ளைபோல வளர்த்தாலும் சட்டத்துக்கு அது சரக்குதான்.

சரக்கு ஏற்றப் பயன்படும் வாகனம் சரக்கு வாகனம். சரக்கு வாகனம் எதுவும் போக்குவரத்து வாகனம். போக்குவரத்து வாகனம் ஓட்ட லைசென்ஸில் அதற்கென அனுமதி வேண்டும் என்கிறது 3ஆம் பிரிவு. இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் நீண்ட காலம் வழக்காடின. நான் வேலை பார்த்த இடத்திலும் விபத்துக் கோப்பு வந்ததும் முதலில் புரட்டுவது ஓட்டுநரின் லைசென்ஸ் நகலைத்தான். எல்.எம்.வி. என்று மட்டும் இருந்து, போக்குவரத்து அனுமதி இல்லாவிட்டால் சிவப்பு மையில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம், குடும்பத் தலைவனை இழந்த ஒருத்தி டிரிப்யூனல் வாசலில் உட்கார்ந்திருப்பாள். இந்தப் பக்கம், கடன் வாங்கி வண்டி வாங்கிய ஒருவன் பல லட்சத்தைத் தன் கையிலிருந்து எப்படிக் கட்டுவது என்று விழித்துக்கொண்டிருப்பான்.

சுப்ரீம் கோர்ட் இதைப் படிப்படியாகச் சரிசெய்தது. 2001இல் நாகஷெட்டி வழக்கு. டிராக்டர் லைசென்ஸ் உள்ளவர், பின்னால் டிரெய்லர் மாட்டிச் சரக்கு ஏற்றினார் என்பதற்காகவே லைசென்ஸ் இல்லாதவராகிவிட மாட்டார் என்று தீர்ப்பு வந்தது. நம் கேள்விக்கு மிக அருகில் நிற்பது இதுதான். 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில், லைசென்ஸில் குறை இருந்தாலும் பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூல் செய்துகொள்ளும் வழி உறுதிப்பட்டது. அந்தப் பெண்மணிக்கு ஆறுதல், வண்டிக்காரருக்கு இல்லை. 2017இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில், எல்.எம்.வி. வரம்புக்குள் வரும் போக்குவரத்து வாகனத்துக்குத் தனி அனுமதி தேவையில்லை என்று மூன்று நீதிபதிகள் சொன்னார்கள். அதை மறுபரிசீலனை செய்யக் கேட்டு நிறுவனங்கள் விடாமல் போராட, ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று ரம்பா தேவி வழக்கில் அதே முடிவை உறுதி செய்தது. எல்.எம்.வி. லைசென்ஸ்காரர்களால் விபத்து கூடியது என்பதற்குப் புள்ளிவிவரம் எதுவும் காட்டப்படவில்லை என்பதையும் நீதிமன்றம் குறிப்பிட்டது.

வரம்பு 7,500 கிலோ. சரக்கு வாகனத்துக்குப் பதிவுச் சான்றில் எழுதிய மொத்த எடையையும், காருக்கும் டிராக்டருக்கும் வெற்று எடையையும் பார்ப்பார்கள். நண்பரின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். குதிரை ஒன்றுக்கு 500 கிலோ, டிரெய்லர் ஏறக்குறைய 800, ஜீப் சுமார் 1,800. எல்லாம் சேர்ந்தும் நாலு டன்னைத் தொடவில்லை. லைசென்ஸ் விஷயம் அத்தோடு முடிந்தது.

ஐரோப்பாவில் கதை வேறு. ஜெர்மனியில் கார் லைசென்ஸோடு 750 கிலோ வரையுள்ள டிரெய்லரை இழுக்கலாம். அதைவிடக் கனமானது என்றால் காரும் டிரெய்லரும் சேர்ந்து 3,500 கிலோவுக்குள் இருக்க வேண்டும். 4,250 வரை ஒரு நாள் பயிற்சி. அதற்கும் மேல் தனித் தேர்வு. பிரிட்டனிலும் 1997 முதல் லைசென்ஸ் பெற்றவர்களுக்குக் கனமான டிரெய்லர் இழுக்கத் தனித் தேர்வு இருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அது வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். டிரெய்லரை இடப்பக்கம் பின்னோக்கித் தள்ள ஸ்டீயரிங்கை முதலில் வலப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது பழகாதவர் கைக்குச் சுலபத்தில் வராது. நம்மூரில் இதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. காலி டிரெய்லரோடு மைதானத்தில் சில நாட்கள் பழகுவது நல்லது.

அடுத்தது டிரெய்லர். எஞ்சின் இல்லாவிட்டாலும் சட்டப்படி அதுவும் ஒரு மோட்டார் வாகனம். தனியே பதிவு செய்ய வேண்டும். அதன் பதிவு எண் பக்கவாட்டிலும், இழுக்கும் வண்டியின் எண் டிரெய்லர் மீதும் தெரிய வேண்டும். பெர்மிட் விஷயத்தில், 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்துக்கு 66ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. டிரெய்லரை மட்டும் பார்த்தால் அதற்குள் வரும். ஜீப்பையும் சேர்த்தால் தாண்டும். ஆர்.டி.ஓ.விடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ளச் சொன்னேன்.

குதிரைக்கென்றும் விதிகள் உண்டு. 2016 முதல் கால்நடை ஏற்றும் வண்டியில் நிரந்தரத் தடுப்புகள் வேண்டும். குதிரை ஒன்றுக்கு 2.25 சதுர மீட்டர் இடம். 1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகள் கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்று கேட்கின்றன. வண்டியில் ஓர் உதவியாள் இருக்க வேண்டும், தரை வழுக்கக் கூடாது, வேகம் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. எதிரே வரும் வண்டிகளைக் கண்டு மிரளாதபடி குதிரையின் தலை இடப்பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. மும்பைக்கும் புணேக்கும் இடையே பந்தயக் குதிரைகளைக் கொண்டுபோகும் லாரிகளைப் போன்றவற்றை நினைத்து எழுதியதாகத் தோன்றுகிறது. முன்னோக்கி நிற்கவைக்கும் சிறு டிரெய்லருக்கு இது பொருந்தவில்லைதான். ஆனாலும் விதி விதியாகவே இருக்கிறது.

கடைசியாக என் துறை. தனியார் கார் பாலிசியை எடுத்து, பயன்பாட்டுக்கான வரம்புகள் என்ற பத்தியைப் படியுங்கள். வாடகை, பந்தயம் ஆகியவற்றோடு ‘சரக்கு ஏற்றுதல்’ என்பதும் விலக்கப்பட்டிருக்கும். மாதிரிப் பொருளும் சொந்த மூட்டையும் மட்டும் பரவாயில்லை. முன்னே சொன்ன அந்தச் சொல் இங்கே திரும்பி வருகிறது. லைசென்ஸ் வழியாக மூடிய கதவை நிறுவனம் இந்த வழியாகத் திறக்கப் பார்க்கும். ஜீப்பின் சேதத்துக்கான கிளெய்மை மறுக்க இந்தக் காரணம் போதும்; மூன்றாம் நபர் வழக்கிலும் வாதமாகக் கிளம்பும்.

ஆகவே நண்பரை ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். டிரெய்லரின் பதிவு எண், அதில் சொந்தக் குதிரைகளை வாடகையின்றி ஏற்றப்போகும் விவரம் இரண்டையும் குறிப்பிட்டு, டிரெய்லருக்கான கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு பாலிசியில் எண்டார்ஸ்மெண்ட் போட்டுத் தரும்படி கேட்க வேண்டும். ஏஜெண்ட் போனில் ‘எல்லாம் அடங்கும் சார்’ என்று சொன்னால் அதை ஏற்க வேண்டாம். முத்திரையிட்ட தாள் வேண்டும். குதிரைக்கும் தனிப் பாலிசி எடுக்க வேண்டும், வண்டிப் பாலிசி அதற்கு ஒரு பைசா தராது. எண்டார்ஸ்மெண்ட் கைக்கு வரும்வரை குதிரைகள் லாரியிலேயே போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.