கொழுப்புக் குமிழியில் புற்றுநோய் மருந்து

பத்தாம் வகுப்பில் சோப்பு அழுக்கை நீக்கும் விதத்தை நடத்தி முடித்த நாள். ஒரு மாணவி அருகில் வந்து, "டீச்சர், அம்மாவுக்குச் சிவப்பா ஒரு மருந்து ஏத்துறாங்க. அது கட்டிக்கு மட்டும் போகாதா? முடியெல்லாம் ஏன் கொட்டுது?" என்று கேட்டாள். அன்று என்னிடம் சரியான விடை இல்லை. பிறகு தேடிப் படித்தபோது, விடையின் ஒரு பகுதி நான் நடத்திய பாடத்திலேயே இருப்பது தெரிந்தது.

மருந்தின் சிக்கல்

டாக்ஸோரூபிசின் என்பது செந்நிறப் புற்றுநோய் மருந்து. வேகமாகப் பிரியும் செல்களில் டி.என்.ஏ. நகலாவதை அது தடுக்கிறது. முடியின் வேர்ச்செல்களும் வேகமாகப் பிரிபவை. எனவே முடி கொட்டுகிறது. மொத்த அளவு கூடக்கூட இதயத் தசையும் பாதிக்கப்படலாம்.

வகுப்பறைச் செயல்பாடு

ஒரு பாட்டிலில் நீரும் சிறிது எண்ணெயும் ஊற்றிக் குலுக்கச் சொல்லுங்கள். சற்று நேரத்தில் இரண்டும் பிரிந்துவிடும். இப்போது சிறிது முட்டை மஞ்சள் கரு சேர்த்துக் குலுக்கினால், கலவை பால்போல நெடுநேரம் நிற்கும். மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின் என்ற பாஸ்போலிப்பிடே காரணம். சோப்பைப் போலவே அதற்கும் நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் உண்டு.

ஒரு வேறுபாட்டைச் சொல்ல மறக்க வேண்டாம். பாட்டிலில் உள்ளவை எண்ணெய்த் துளிகள். பாஸ்போலிப்பிட் மட்டும் நீரில் சேரும்போது, செல் சவ்வைப் போல ஈரடுக்காகி, உள்ளே நீரைக் கொண்ட குமிழியாக மூடிக்கொள்ளும். இதுவே லிப்போசோம். 1960களில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் இதைக் கண்டறிந்தார்.

குமிழி மருந்தானது

இக்குமிழிக்குள் டாக்ஸோரூபிசினை அடைக்கும் முயற்சியில் எருசலேமில் பாரென்ஹோல்ஸும் கேபிசோனும் ஈடுபட்டனர். அதன் பயனாக உருவான 'டாக்ஸில்' 1995இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. குமிழியின் விட்டம் ஏறத்தாழ 100 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. நோயெதிர்ப்புச் செல்கள் உடனே விழுங்கிவிடாதபடி, மேலே பாலிஎத்திலீன் கிளைக்கால் பூச்சும் உண்டு.

இதயத்தின் இரத்தக் குழாய்ச் சுவரில் இடைவெளிகள் மிகச் சிறியவை. குமிழி எளிதில் நுழையாது. அவசரமாக வளரும் கட்டியின் குழாய்களிலோ பெரிய இடைவெளிகள் இருக்கலாம். அவற்றின் வழியே குமிழி கசிந்து உள்ளே தங்கும். மருந்து அதே மருந்துதான். மாறியது அதன் வாகனம்.

கவனம் தேவை

'கட்டியை மட்டும் தாக்கும்' என்று மாணவர்களிடம் சொல்லிவிடக் கூடாது. குமிழிகளில் பெரும்பகுதி கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் செல்கிறது. கட்டிக்குள் சேரும் அளவும் நோயாளிக்கு நோயாளி மாறுபடும். இதயப் பாதிப்பு குறைந்தாலும், உள்ளங்கை, உள்ளங்காலில் சிவந்து எரியும் புதிய பக்கவிளைவு வரலாம். எந்த மருந்து யாருக்கு என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

சில நாள் கழித்து அம்மாணவியிடம் இதை எளிமையாகச் சொன்னேன். சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலும் முடி மீண்டும் வளரும் என்றதும், "அம்மாகிட்ட சொல்றேன் டீச்சர்" என்று ஓடினாள். நம் வகுப்பிலும் இப்படி ஒரு வீட்டுக் குழந்தை இருக்கக்கூடும் என்ற நினைவோடு இப்பாடத்தை நடத்துவோம்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. எண்ணெய்த் துளிக்கும் லிப்போசோமுக்கும் உள்ள வேறுபாட்டைப் படம் வரைந்து விளக்குக.
2. லிப்போசோமின் சுவர் ஏன் செல் சவ்வை ஒத்திருக்கிறது?
3. மருந்தை மாற்றாமல் வாகனத்தை மட்டும் மாற்றுவதால் என்ன நன்மை? எது தீராத சிக்கல்?